31 ஆண்டுகள் பேருந்தின் அதிர்விலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது அதிர்வுப் பலகை வாங்கலாமா?

மலைப்பாதை ஓட்டுநர், பொள்ளாச்சி

அனைவருக்கும் வணக்கம். என் வயது 63. 31 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அதில் 19 ஆண்டுகள் பொள்ளாச்சி – வால்பாறைத் தடம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். எதிரே வண்டி வந்தால் ஏற்றத்திலேயே நிறுத்தி, பாதி கிளட்சில் பிடித்துக்கொண்டு, பின்னால் ஓர் அங்குலம்கூட உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். அந்த வேலையை என் இடது கால் நான் நினைக்காமலேயே செய்யும். கண்டக்டரின் விசில் காதில் விழும்போதே பாதம் எவ்வளவு விட வேண்டும் என்று அறிந்திருக்கும்.

அந்தக் கால்தான் இப்போது எனக்குக் கவலை தருகிறது. எங்கள் வீட்டு மாடிக்கு 17 படிகள். இறங்கும்போது இடது பாதம் நான் எதிர்பார்க்கும் நேரத்துக்குச் சற்றுப் பிந்தியே படியைத் தொடுகிறது. இரண்டு முறை கைப்பிடிச் சுவர்தான் என்னைக் காப்பாற்றியது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழ வேண்டுமானால் ஒரு கையைத் தரையிலும் மற்றொன்றை முழங்காலிலும் ஊன்றுகிறேன். டம்ளர் நிறையக் காபியைத் தூக்கினால் விளிம்பில் அலை அடிக்கிறது. பழைய காக்கிக் கால்சட்டையைப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் இறுக்கம், தொடையில் தொளதொளப்பு.

கடந்த ஐப்பசியில் டெங்கு வந்து 10 நாட்கள் படுக்கையில் கிடந்தேன். அதற்குப் பிறகுதான் இவ்வளவும் வேகமாக நடந்தது என்று என் மனைவி சொல்கிறாள். 9 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், அதை விடுவதில்லை.

கோவையில் இருக்கும் என் மகள் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். மின்சாரத்தில் அதிரும் பலகை. நாளுக்கு 10 நிமிடம் அதன்மேல் நின்றால் ஒரு மணி நேர உடற்பயிற்சிக்குச் சமம் என்கிறார்கள். 18,000 ரூபாய். "வாங்கி அனுப்பட்டுமா அப்பா?" என்று அம்மணி ஆசையோடு கேட்கிறாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதிர்வு தசையை வளர்க்கும் என்றால் எங்களைப் போன்ற ஓட்டுநர்களுக்குத் தூண் மாதிரிக் கால்கள் இருக்க வேண்டுமே? என்ஜின் பக்கத்திலேயே, இருக்கையும் தரையும் கியர் கம்பியும் நாள் முழுவதும் நடுங்க உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குக் கிடைத்தது முதுகுவலிதான். அந்த அதிர்வும் இந்த அதிர்வும் வேறு வேறா? அதைவிட முக்கியமாக, இந்த வயதில் போன தசை திரும்புமா? தசை திரும்பினாலும், கால் சொன்னபடி கேட்கும் அந்த நிதானம் திரும்புமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஈரோடு

தம்பி, எனக்கு 70 வயது. அதே மாதிரிப் பலகை ஒன்று என் வீட்டில் இருக்கிறது. மகன் வாங்கி அனுப்பினான். நான்கு மாதங்கள் ஒரு நாள் தவறாமல் நின்றேன் என்பதால் என் அனுபவத்தை எழுதலாம் என்று தோன்றியது.

முதல் வாரம் தொடையில் அரிப்பு எடுத்தது, தோல் சிவந்தது. பிறகு அது நின்றுவிட்டது. மரத்துக் கிடந்த கால் தெளிந்ததுபோல் ஒரு சுகம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மாலையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்பேன். பயிற்சி செய்துவிட்டோம் என்ற நிறைவோடு இறங்குவேன். அந்த நிறைவினால் வாசலில் நடந்துகொண்டிருந்த அரை மணி நேரத்தையும் விட்டுவிட்டேன். நான் செய்த தவறு அதுதான்.

நான்காம் மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்தில் பாய் விரித்துப் பந்தி போட்டார்கள். சாப்பிட்டு முடித்து எழ முயன்றேன், முடியவில்லை. அண்ணன் மகள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வரிசையே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

பிறகு ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். அவர் பலகையை வேண்டாம் என்று சொல்லவில்லை. "நிற்காதீர்கள், அதன்மேல் வேலை செய்யுங்கள்" என்றார். முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்குவது என்று கற்றுக்கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அதே பயிற்சிகளைத் தரையிலேயே செய்யச் சொன்னார். இப்போது பலகை இல்லாமலும் செய்கிறேன். பாயிலிருந்து எழுந்துவிடுகிறேன், ஒரு கை ஊன்றித்தான். என் முழங்காலை எழுப்பியது பலகையா, உட்கார்ந்து எழுந்ததா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.


இயன்முறை மருத்துவர், மதுரை

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 14 ஆண்டுகளாக முதியவர்களோடு வேலை செய்கிறேன். தன் உடம்பை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதுபவர்கள் குறைவு. உங்கள் மனைவி சொன்னது முற்றிலும் சரி என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் சிலரை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்க வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2007இல் வெளியானது. அந்த 10 நாட்களில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்களுக்குக் காய்ச்சல் கிடையாது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. உங்களுக்கு டெங்கு, அதோடு வாய்க்கசப்பு. தொடையில் கால்சட்டை தொளதொளத்ததில் வியப்பே இல்லை. படுக்கையிலிருந்து எழுந்த பிறகு நீங்கள் நடந்தீர்கள். நடை நல்லதுதான், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது வேண்டும். ஆனால் சமதரையில் நடப்பது தொடைக்குப் பெரிய சுமை அல்ல, ஆகவே போன தசை நடையால் மட்டும் திரும்பாது.

இனி உங்கள் பாதி கிளட்ச். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நோயாளிகள் எல்லாரும் "பலம் போச்சு" என்று மட்டும்தான் சொல்வார்கள். நிதானம் போனதை நீங்கள்தான் பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பும் தனக்கென்று ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கிறது. தொடை போன்ற பெரிய தசையில் ஒரு நரம்புக்கு நூற்றுக்கணக்கான இழைகள். நரம்பு கட்டளையிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் சுருங்கும். பாதிக் கூட்டம் சுருங்குவது என்பது கிடையாது. மெல்ல மிதிக்க வேண்டும் என்றால் மூளை சிறிய கூட்டங்களை மட்டும் கூப்பிடும். அழுத்த அழுத்தப் பெரியவற்றைச் சேர்த்துக்கொள்ளும்.

வயது ஏறும்போது இந்த நரம்புகளில் சில இறக்கின்றன. அனாதையான இழைகளில் ஒரு பகுதியைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்கிறது. யாரும் எடுக்காதவை சுருங்கி மறைகின்றன. மிஞ்சுவது குறைவான எண்ணிக்கையில் பெரிய பெரிய கூட்டங்கள். உங்கள் கண்டக்டரின் பையில் சில்லறை தீர்ந்துபோய் நோட்டுகள் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 7 ரூபாய் மீதி கொடுக்க வேண்டிய இடத்தில் 10 ரூபாய்தான் வருகிறது. காபி டம்ளரில் நீங்கள் பார்க்கும் அலைக்கு இது ஒரு காரணம். நரம்பின் கட்டளைகள் முன்போல் சீரான இடைவெளியில் வராமல் போவது இன்னொரு காரணம். கையோ காலோ நடுங்குவது ஓய்வில் இருக்கும்போதும் தொடர்ந்தால் அது வேறு கதை, அப்படி இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

படியில் கால் பிந்துவதற்கு மற்றொரு விளக்கம் உண்டு. வயதில் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் இழைகள். மெதுவாக, களைக்காமல் வேலை செய்யும் இழைகள் அவ்வளவாக மெலிவதில்லை. அதனால்தான் முக்கால் மணி நேரம் நடக்க முடிகிற ஒருவர், தடுக்கும்போது காலைச் சட்டென்று முன்னால் வைக்க முடியாமல் விழுகிறார். தசையின் அளவு குறைவதைவிட வலிமை வேகமாகக் குறைகிறது, அந்த வலிமையை வேகத்தோடு வெளிப்படுத்தும் திறன் அதற்கும் முன்னால் போகிறது.

இப்போது அதிர்வு. உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. பேருந்து இருக்கையின் அதிர்வு பெரும்பாலும் மெதுவானது. நொடிக்கு 4 முதல் 6 முறை அதிரும்போது உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகும் வயிறும் அந்த ஆட்டத்தோடு ஒத்துச் சேர்ந்து இன்னும் அதிகமாக ஆடும். அதுவும் மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். தசை அங்கே வேலை செய்யவில்லை. முதுகெலும்பின் வட்டுகள் அடி வாங்கின. பயிற்சிப் பலகை நொடிக்கு 20 முதல் 45 முறைவரை, சில மில்லிமீட்டர் மட்டும் அசைகிறது. முழங்காலை மடக்கி நிற்பதால் அதிர்வு தலைக்கு ஏறாமல் காலிலேயே அடங்குகிறது. ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், பிறகு ஓய்வு. ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

பலகை என்ன செய்கிறது என்றால், தசைக்குள்ளே அதன் நீளத்தை அளந்துகொண்டே இருக்கும் நுண்ணிய உணர்விகளைத் தூண்டுகிறது. தசைநாரின்மேல் அதிர்வைக் கொடுத்தால் தசை தானாக இறுகும் என்பதை சுவீடனைச் சேர்ந்த ஹாக்பார்த்தும் எக்லுண்டும் 1966இல் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டிருப்பவரின் மேற்கை முன்பக்கத் தசைநாரை அதிரவைத்தால், அசையாத கை மடிப்பு விரிந்து நீட்டப்படுவதாக அவருக்குத் தோன்றும். அதிர்வு மூளையைக்கூட ஏமாற்றிவிடுகிற அளவுக்கு வலுவான செய்தி. அது நிஜமான அறிவியல். அதிலிருந்து "நின்றால் போதும், தசை வளரும்" என்று விளம்பரம் தாவுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2004இல் வந்தது. 24 வாரங்களில் பலகைக் குழுவுக்கும் எடைப்பயிற்சிக் குழுவுக்கும் முழங்காலை நீட்டும் வலிமை கிட்டத்தட்ட ஒரே அளவு, 15 விழுக்காட்டை ஒட்டி, கூடியது. விற்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண்கள் பலகையில் சும்மா நிற்கவில்லை. பாதி உட்காருவதும் ஒரு காலை முன்வைத்து மடக்குவதுமாகப் பயிற்சி செய்தார்கள். ஈரோட்டு அம்மா தன் வீட்டில் கண்டதும் இதேதான். மறுபக்கம், பாஸ்டன் பகுதியில் 174 முதியவர்களை நாள்தோறும் 10 நிமிடம் மிக மென்மையான அதிர்வுப் பலகையில் இரண்டு ஆண்டுகள் நிற்கவைத்துப் பார்த்தார்கள். எலும்பின் அடர்த்தியில் பலனே தெரியவில்லை.

பலகை யாருக்கு உதவும் என்று என்னைக் கேட்டால், எடை தூக்கவோ நாற்காலியிலிருந்து எழவோ முடியாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கு, கூடவே ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள, ஒரு தொடக்கமாக உதவும். நீங்கள் அந்த நிலையில் இல்லை. உங்களுக்கு 9 ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பதால் விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் அதில் ஏறவே கூடாது. சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், காலில் இரத்தக்கட்டி, இதயத்தில் பேஸ்மேக்கர், அண்மையில் எலும்பு முறிவு, செயற்கை மூட்டு ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

போன தசை திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். 1990இல் மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவர் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேரைத் தேர்ந்தெடுத்தார். சராசரி வயது 90. எட்டு வாரங்கள் கால்களுக்குக் கனமான எடைப்பயிற்சி. ஒருவர் இடையில் நின்றுவிட்டார். முடித்த 9 பேருக்கும் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடுதான் கூடியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தசை கொஞ்சம் வளர்ந்தது, மீதி முழுவதும் நரம்பு மறுபடி தசையைக் கூப்பிடக் கற்றுக்கொண்டதால் வந்தது. குதிகாலை விரலோடு ஒட்டிவைத்து ஒரே கோட்டில் நடக்கும் வேகமும் அவர்களுக்கு 48 விழுக்காடு கூடியது. 90 வயதில் நடந்தது 63இல் நடக்காதா? இறந்த நரம்பு திரும்பாது என்பது உண்மை. இருக்கிற நரம்பைத் திறமையாக்கலாம்.

மூன்று அளவுகள் எடுத்து இங்கே எழுதுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? 6 மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க எத்தனை நொடி? தையல்காரர் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு எவ்வளவு? பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். சர்க்கரை மருத்துவரிடம் பாதத்தின் உணர்வையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தட்டினால் அதிரும் கவட்டை வடிவக் கருவியான இசைக்கவையை அவர் காலில் வைத்துப் பார்ப்பார்.


தந்தையைப் பராமரிப்பவன், சென்னை

பேருந்து அதிர்வு பற்றிய பேச்சு என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். என் அப்பாவுக்கு 8 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். அதிர்வு நாற்காலி நல்லது என்று யாரோ சொல்ல, நானும் தேடித் தேடிப் படித்தேன். பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ என்ற நரம்பியல் மேதை இருந்தார். ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கி வந்த பார்க்கின்சன் நோயாளிகள், இறங்கும்போது உடம்பு இலகுவாக இருப்பதாக அவரிடம் சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, 1892இல் அதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார்.

ஏறக்குறைய 120 ஆண்டுகள் கழித்து சிகாகோவில் அதை முறையாகச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு அதிரும் நாற்காலி. மற்றொரு குழுவுக்கு அதிராத நாற்காலியில் இதமான ஒலி மட்டும். 2012இல் முடிவு வந்தது: இரண்டு குழுக்களும் ஒரே அளவு முன்னேறின. அதைப் படித்த பிறகு நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தில் அப்பாவுக்கு வாரம் இருமுறை வீட்டுக்கு வரும் பயிற்சியாளரை வைத்தேன். எனக்கு அது சரியான முடிவாகத் தெரிகிறது.


மலைப்பாதை ஓட்டுநர், பொள்ளாச்சி

அக்கா, அம்மா, தம்பி, மூவருக்கும் நன்றி. மதுரை மருத்துவர் அம்மா எழுதிய சில்லறை விளக்கத்தை என்னோடு ஓட்டிய கண்டக்டரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் ஓய்வு வயது கடந்துவிட்டது. கேட்டு முடித்து, தன் கை விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவுகள் எடுத்தேன். ஐந்து முறை எழுந்து உட்கார 16 நொடி. மூன்றாவது முறையிலேயே கை மார்பை விட்டு முழங்காலுக்குப் போகப் பார்த்தது. 6 மீட்டருக்கு 7 நொடி. கெண்டைக்கால் 32.5 சென்டிமீட்டர்.

சர்க்கரை மருத்துவர் இசைக்கவையைத் தட்டி என் கட்டைவிரலில் வைத்தார். வலது காலில் அதிர்வு வெகுநேரம் தெரிந்தது. இடது காலில் தொட்ட உடனே அடங்கிவிட்டது. ஆனால் அவர் கையில் கவை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. என் கிளட்ச் கால் அது. வண்டியின் என்ஜின் சோர்கிறது என்பதை மானியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பாதத்தில்தான் நான் உணர்வேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

விழித்திரை நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மணியிடம் பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும்? முட்டையும் கொள்ளும் அதிகமாகச் சாப்பிட்டால் போதுமா?


இயன்முறை மருத்துவர், மதுரை

ஐயா, ஆசிய நாடுகளின் தசைத்தளர்ச்சி நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, ஐந்து முறை எழ 12 நொடிக்குக் குறைவாக ஆக வேண்டும், நடை நொடிக்கு ஒரு மீட்டராவது இருக்க வேண்டும், ஆண்களுக்குக் கெண்டைக்கால் 34 சென்டிமீட்டராவது வேண்டும். மூன்றிலும் நீங்கள் கோட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கிறீர்கள். அஞ்ச வேண்டாம். தொடங்க வேண்டிய நேரம் இது.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் வயதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் கொள்ளில் 22 கிராம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கொள்ளுப் பருப்பு நல்ல உணவு. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். ஆனால் அதே ஃபியாடரோனே 1994இல் 100 முதியவர்களிடம் பார்த்தபோது, சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் தசைத்தளர்ச்சி குறையவே இல்லை. பயிற்சி செய்தவர்களுக்குத்தான் குறைந்தது.

பயிற்சியில் நீங்கள் விடாமல் செய்ய வேண்டியது நாற்காலியிலிருந்து எழுவது. வேகமாக எழுங்கள், மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருங்கள். வேகமான எழுச்சி அந்த விரைவு இழைகளுக்கு. மெதுவான இறக்கம் படியிறங்கும் நிதானத்துக்கு. படி இறங்குவது என்பது உண்மையில் ஒரு காலில் மெதுவாக உட்காருவதுதான். எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு, மறுபடி எட்டு. வாரத்தில் மூன்று நாள். எளிதாகிவிட்டால் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள் அல்லது மடியில் அரிசிப் பையை அணைத்துக்கொள்ளுங்கள். எழும்போது மூச்சை அடக்காதீர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் வீட்டிலேயே செய்யும்படி உருவாக்கிய பயிற்சித் திட்டம் இப்படிப்பட்ட எளிய அசைவுகளால் ஆனதுதான். அதைச் செய்த முதியவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

இடது பாதத்தின் உணர்வு பற்றி. அந்த நரம்பு மங்கியதைப் பயிற்சி முழுவதும் மீட்டுத் தரும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் நிலை தடுமாறாமல் நிற்பதற்குப் பாதம், கண், உள்காது ஆகிய மூன்றின் செய்தியும் மூளைக்குப் போகிறது. ஒன்று மங்கினால் மற்ற இரண்டையும் கூடுதலாகப் பயன்படுத்த மூளைக்குக் கற்பிக்கலாம். சுவரோரமாக ஒரு கோட்டில் நடங்கள். இரவில் படியிலும் கழிப்பறைப் பாதையிலும் விளக்கு எரியட்டும், இருட்டில் உங்கள் கண் உதவிக்கு வர முடியாது. வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். நாள்தோறும் பாதத்தின் அடியைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. 1997இல் சுவீடனில் முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடை தானாக நடக்காமல், கவனம் முழுவதையும் கேட்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். நீங்கள் வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே கண்டக்டருக்குப் பதில் சொன்னவர். அந்தத் திறமையைக் காலுக்கும் பழக்குங்கள். சுவரோரம் நடக்கும்போது எதையாவது பின்னிருந்து முன்னாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள். மனைவி பக்கத்தில் வரட்டும்.


மலைப்பாதை ஓட்டுநர், பொள்ளாச்சி

14 வாரங்கள் ஆகிவிட்டன. எழுதிவிட வேண்டும் என்று இன்று உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு வாரம் தொடை வலித்தது. மூன்றாவது வாரம் உறவில் ஒரு சாவு. நான்கு நாள் எதுவும் செய்யவில்லை. திரும்பத் தொடங்கும்போது முன்பைவிடக் கடினமாக இருந்தது. அதற்குப் பிறகு நாள் தவறவில்லை. நாற்காலியிலிருந்து இப்போது முக்காலிக்கு வந்துவிட்டேன், மடியில் 5 கிலோ அரிசிப் பை. ஐந்து முறை எழ 11.5 நொடி. 6 மீட்டருக்கு 5.5 நொடி. கெண்டைக்கால் 33, அது அவ்வளவாக ஏறவில்லை. தரையிலிருந்து ஒரு கை ஊன்றி எழுகிறேன். காபி டம்ளரில் அலை இன்னும் இருக்கிறது. இசைக்கவையை மறுபடி வைத்துப் பார்த்தார்கள். இடது விரலில் மாற்றம் இல்லை. படியில் விளக்குப் போட்டாகிவிட்டது. பாதத்தை மனைவி பார்க்கிறாள், என்னைவிட அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

பின்னிருந்து முன்னாகச் சொல்ல வேண்டும் என்றதும் எனக்கு என் தடம்தான் நினைவுக்கு வந்தது. 19 ஆண்டுகள் மேலே போகும்போது கண்டக்டர் கூவிய ஊர்களை, கீழே இறங்குகிற வரிசையில் சொல்லிக்கொண்டு, குதிகாலை விரலோடு ஒட்டிவைத்துத் தாழ்வாரத்தில் நடக்கிறேன். வால்பாறை, ரொட்டிக்கடை, கவர்க்கல், வாட்டர்பால்ஸ், அட்டகட்டி, ஆழியாறு, அங்கலகுறிச்சி என்று பொள்ளாச்சிவரை. தொடக்கத்தில் ரொட்டிக்கடை என்று வாய் சொன்னதும் கால் நின்றுவிடும். சுவரைப் பிடித்து, ஊரை நினைவுபடுத்தி, மறுபடி நடப்பேன். நேற்று மாலை அட்டகட்டிவரை நிற்காமல் வந்துவிட்டேன். ஆழியாற்றில் ஒரு முறை சுவரைத் தொட்டேன்.